நூற்றெட்டுச் சனிக்கிழமைக் காசு

அன்றைக்கு அந்த ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். ஓட்டுநர். அவருக்குப் பக்கத்தில் பாதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டு, மடியில் எவர்சில்வர் தூக்கு வைத்திருந்த ஒரு பெரியவர். பின் சீட்டில் நடுவில் என் மனைவி, அவளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் மாமியார். எங்களுக்கு எதிரே குறுக்குப் பலகையில், கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகியிருக்காத ஒரு பெண்ணும் அவள் புருஷனும். இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் இருக்கிறது. நடந்ததை யார் யார் பார்த்திருக்கக்கூடும் என்று அதற்கப்புறம் ஐந்து வாரம் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தவன் நான்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டிலிருந்து அலிபிரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். அங்கிருந்து படியேறி மலைக்கு நடந்தே போவதாக என் மனைவிக்கு வேண்டுதல். அவள் மடியில் மஞ்சள் துணியில் கட்டிய முடுப்பு இருந்தது. வேண்டுதல் காசைக் கட்டி வைக்கிற மூட்டையை எங்கள் சித்தூர்ப் பக்கம் தெலுங்குக்காரர்களைப் போலவே முடுப்பு என்றுதான் சொல்வோம். அதற்குள் நூற்றெட்டுப் பத்து ரூபாய்க் காசுகள், ஒரு மஞ்சள் கிழங்கு, ஒரு கட்டி கற்பூரம். இவ்வளவுதான் இருப்பதாக அவளுக்குத் தெரியும். இன்னொன்றும் இருந்தது. அதைப் போட்டவன் நான்.

அந்தக் காசு சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு மோட்டார் வைண்டிங் வேலைக்கு வந்தவன் நான். எரிந்துபோன போர்வெல் மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை வெட்டி எறிந்து, புதுக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காய வைக்கிற வேலை. சுற்று எண்ணும்போது வாயில் சிகரெட் இருந்தால் கணக்குத் தப்பாது என்று எவனோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் குடித்தேன். குடித்துக்கொண்டே பயந்தேன். ஒவ்வொரு இருமலுக்கும் கைக்குட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ரத்தம் இல்லையென்று தெரிந்ததும் அந்த நிம்மதியில் இன்னொன்று பற்ற வைப்பேன். எனக்கு இருந்த தைரியமும் அவ்வளவுதான், புத்தியும் அவ்வளவுதான்.

ஒரு நாள் கடையில் இருமி இருமித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி அழவில்லை, திட்டவும் இல்லை. சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து சாமி படத்துக்கு முன்னால் மஞ்சள் துணியை விரித்தாள்.

“மாமா, இங்க வா. நூத்தியெட்டு சனிக்கெழம. வாரம் பூரா சிகரெட்டு புடிக்காம இருந்தியானா நீயே உங்கையால ஒரு பத்து ரூபா காசு குடு, நான் இதுல போடறேன். நூத்தியெட்டு ஆனதும் நடந்தே மலைக்கு வந்து உண்டியல்ல போட்டுடறேன்னு சாமிகிட்ட சொல்லிட்டேன்.”

“ஏன் பத்து ரூபா? ஒரு ரூபா போட்டா ஆவாதா?”

“பத்து ரூபா காச எந்தக் கடைக்காரன் வாங்கிக்கறான்? போட்டா உண்டியல்லதான் போடணும். நீ நடுவுல எடுத்துக்கினு போயி சிகரெட்டு வாங்க முடியாது பாரு.”

அதைக் கேட்டு, எங்களோடேயே இருக்கிற என் மாமியார் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அது உண்மையும்கூட. சித்தூர் சந்தையில் பத்து ரூபாய்க் காசை நீட்டினால், செல்லாதென்று யார் சொன்னார்களோ, கையை மடக்கிக்கொள்வார்கள்.

முதல் இரண்டு சனிக்கிழமை எப்படிப் போனதென்று எனக்குத்தான் தெரியும். மூன்றாவது வாரம், மோட்டார் கொண்டுவந்த ஒருவர், பங்காருபாளையத்துக்காரர், பெங்களூரில் வேலை செய்கிற தம்பி விட்டுப் போனது என்று ஒரு பேனா மாதிரிப் பொருளைக் கொடுத்தார். வேப் என்றார். பேட்டரி உண்டு, காயில் என்கிற சின்னக் கம்பிச் சுருள் உண்டு, பஞ்சு உண்டு. பஞ்சு குடித்த நீரைக் காயில் சூடாக்கும், ஆவி வரும். நிகோட்டின் அதிலும் உண்டு. தீ இல்லை, சாம்பல் இல்லை. இழுத்துப் பார்த்தேன். மாம்பழ வாசனை. அன்றைக்கு சிகரெட் நினைப்பே வரவில்லை.

சனிக்கிழமை மனைவி கேட்டாள்: “இந்த வாரம் புடிக்கலையே?”

“புடிக்கல.”

அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிகரெட் பிடிக்கவில்லையே. காசைக் கொடுத்தேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு துணியில் போட்டாள்.

இரண்டு மாதத்தில் அந்தப் பேனாவின் காயில் கருகிவிட்டது. புதிது வாங்கக் கடை இல்லை. அரசாங்கம் விற்கக் கூடாதென்று தடை போட்டுவிட்டது. தடை என்ற வார்த்தையைக் கேட்டதும் அந்தப் பேனாவைக் கம்பிக் குப்பைக்குள் ஒளித்து வைத்தேன். இன்னொரு பக்கம் கையும் அரித்தது. கருகிய காயிலைப் பிரித்துப் பார்த்தேன். ஆறு சுற்றுக் கம்பி. அவ்வளவுதான். நாள் முழுக்க நூற்றுக்கணக்கில் சுற்று சுற்றுகிறவனுக்கு ஆறு சுற்று ஒரு வேலையா?

அங்கேதான் பிடித்துக்கொண்டது. ஹீட்டரில் போடுகிற நிக்ரோம் கம்பியில் மெல்லியதும், பங்காருபாளையத்துக்காரர் மூலம் ஊற்றுகிற நீரும் வரவழைத்தேன். இரண்டரை மில்லி டிரில் பிட்டின்மேல் சுற்றினேன். மீட்டர் வைத்து ஓம் பார்த்தேன். எட்டாவதில் எனக்கு ஏறாத கணக்கு, வோல்ட்டை ஓமால் வகுப்பது, இப்போது வாயிலேயே வந்தது. ஒற்றைக் கம்பி போய் முறுக்கிய கம்பி, முறுக்கியது போய் ஒன்றின்மேல் ஒன்று சுற்றிய கம்பி. ஒரு பித்தளைக் குழாயை லேத்தில் கொடுத்துக் கடைந்து, பார்த்தால் டார்ச் லைட் மாதிரி இருக்கும்படி நானே ஒன்று செய்தேன். பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து, உள்ளே இருக்கிற செல்களை வைத்து முதலில் ஓட்டினேன். அவை தாங்காது, சூடாகும் என்று தெரிந்து பயந்து, நல்ல செல் வாங்கினேன். கட்டைவிரல் தடிமன், அதைவிடக் கொஞ்சம் நீளம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தால் மோட்டார்க்காரன் வந்து தட்டுகிற வரைக்கும் நேரம் போவது தெரியாது. இழுப்பதைவிடச் செய்வதில்தான் ருசி என்று ஆகிவிட்டது. நான்கு கருவி செய்துவிட்டேன். எல்லாம் ஒரு டப்பாவில், மேலே ‘பழைய ஸ்டார்டர் ஸ்பேர்’ என்று எழுதி.

பஞ்சுதான் கிடைக்கவில்லை. மருந்துக்கடைப் பஞ்சு வாடை அடித்தது. மனைவி சாமி விளக்குக்குத் திரி போட வாங்கி வைத்திருந்த பஞ்சு அருமையாக இருந்தது. மெத்து மெத்தென்று, வாடையே இல்லாமல். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக்கொண்டு போனேன். அவள் விளக்குக்கு எடுத்த அதே பொட்டலம். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

ஒரே ஒரு தடவை மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். கார்த்திகை மாதம். சட்டையை மோந்து பார்த்துவிட்டு, “இன்னா மாமா இது, கார்த்திகையில ஏது மாம்பழம்?” என்றாள்.

“கூழ் பேக்டரி மோட்டாரு வந்துச்சி. உள்ள பூரா மாம்பழக் கூழு.”

சித்தூரில் அது நம்பக்கூடிய பொய். மாம்பழக் கூழ் ஆலை மோட்டார்கள் நிஜமாகவே வரும், எறும்போடு வரும். அவள் நம்பினாள். “பாவம், கழுவிக்கினு வரக்கூடாதா” என்று சட்டையை ஊற வைத்தாள்.

இப்படியே நூற்றெட்டுச் சனிக்கிழமை. நூற்றெட்டுத் தடவை “புடிக்கலையே?”, நூற்றெட்டுத் தடவை “புடிக்கல”. இருமல் போனது, அது நிஜம். என் மனைவி பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள், சாமி காப்பாற்றிவிட்டார் என்று.

மலைக்குக் கிளம்புகிற நாள் வந்ததும் எனக்கு வேறு கவலை. மலைமேல் புகை, புகையிலை, எதுவும் கூடாது. அது எனக்குத் தெரியாததல்ல. இரண்டு நாள் மேலே தங்கல். இரண்டு நாள் இல்லாமல் இருந்து பார்த்திருக்கலாம். அந்த யோசனையே வரவில்லை. அறையின் குளியலறையில் ஜன்னலோரம் நின்று இழுத்துக்கொள்ளலாம் என்பதுவரை திட்டம் போட்டவன், சோதனையில் மாட்டினால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் பத்து நாள் பயந்தேன். குழாய்க்குள் பேட்டரி இருந்தால் மெஷினில் தெரிந்துவிடும், ஆளை ஓரமாக நிறுத்திவிடுவார்கள் என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அதனால் பிரித்தேன். பித்தளைக் குழாய் டார்ச் மாதிரி பையில். நீர் ஊற்றுகிற சின்னத் தொட்டி காதுச் சொட்டு மருந்துப் பெட்டியில். செல்லை எங்கே வைப்பது?

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் மாமியாரும் மனைவியும் முகம் கழுவப் போனார்கள். போகும்போது மனைவி முடுப்பை என் கையில் கொடுத்து, “கீழ வெச்சிடாத” என்றாள். எண்ணூறு கிராமுக்கு மேல் இருந்தது அது. முடுப்பை யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்? கட்டைக் கொஞ்சம் தளர்த்தி, செல்லை உள்ளே தள்ளி, மறுபடி இறுக்கினேன்.

அந்தச் செல்லின் தலைப்பக்கம் உறை லேசாகக் கிழிந்திருந்தது. பார்த்தேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஒரு மோட்டாரில் ஒரு இணைப்புக்கு இரண்டு தடவை டேப் சுற்றுகிறவன் நான். கடையில் பெட்டி பெட்டியாக டேப் இருக்கிறது. அன்றைக்குப் பயமெல்லாம் சோதனைக்காரர்மேல் போய்விட்டது, பேட்டரிமேல் பயப்பட மிச்சமில்லை. உலோகக் காசு நூற்றெட்டுக்கு நடுவில் உறை கிழிந்த செல்லை வைப்பது என்ன வேலை என்று எந்த எலக்ட்ரீசியனைக் கேட்டாலும் சொல்வான்.

ஆட்டோ ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. காசுகள் குலுங்கின. என் மனைவி, “சுடுதே” என்றாள். வெயிலில் இருந்ததாக்கும் என்று மாமியார் சொல்லி முடிப்பதற்குள் உஸ்ஸென்று ஒரு சத்தம், மஞ்சள் துணிக்குள்ளிருந்து வெள்ளைப் புகை, அப்புறம் நெருப்பு. அவள் கீழே போடவில்லை. அதுதான் என்னால் மறக்க முடியாதது. சாமி காசைக் காலடியில் போடக் கூடாதென்று வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே கத்தினாள். நான்தான் பிடுங்கி வெளியே எறிந்தேன். ஆட்டோ நின்றது. காசுகள் ரோடெல்லாம் உருண்டன.

நான் முதலில் அவள் கையைப் பார்க்கவில்லை. செல்லைத் தேடினேன். புகைந்துகொண்டு ரோட்டோரம் கிடந்தது, தலையில் ஒரு காசு ஒட்டிக்கொண்டு. காசு பொறுக்குகிற மாதிரிக் குனிந்து, காலால் சாக்கடையில் தள்ளிவிட்டேன். தள்ளிவிட்டுத்தான் திரும்பினேன்.

“ஏமன்னா, லோபல கற்பூரம் வெச்சினாங்களா?” என்று, உள்ளே கற்பூரமா என்பதைப் பாதித் தெலுங்கில் கேட்டார் ஓட்டுநர்.

“ஆமாண்ணா. கற்பூரம்தான்.”

“கற்பூரம் தானா எரியுமா?” என்றாள் என் மனைவி, கையை முன்னால் நீட்டிக்கொண்டு. உள்ளங்கையும் இரண்டு விரலும் வெந்திருந்தன. என்னைப் பார்த்துக் கேட்கவில்லை அவள். மலையைப் பார்த்துக் கேட்டாள்.

புதுப்பெண் அழ ஆரம்பித்தாள். அவள் புருஷன் அவளை இழுத்துக்கொண்டு வேறு ஆட்டோவுக்குப் போய்விட்டான். பெரியவர் தூக்கிலிருந்த மோரை என் மனைவி கையில் ஊற்றினார். சீட் ரெக்சின் பொசுங்கியிருந்தது. கையில் வேறு சில்லறை இல்லாமல் முடுப்புக் காசையே நீட்டப்போனேன். சாமி காசு வேண்டாமென்று ஓட்டுநர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். “ஸ்வாமி டப்பு நாக்கு ஒத்தன்னா. அம்மாவ முதல்ல ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு போலாம், ஏறுங்க.” பிறகு போனில்தான் அவருக்குப் பணம் அனுப்பினேன்.

மாமியார் ரோட்டில் பொறுக்கிய காசை ஆட்டோவிலேயே எண்ணினார். நூற்றேழு. மறுபடி எண்ணினார். நூற்றேழு. மகளை நெருங்கி மெதுவாகத்தான் கேட்டார், ஆனாலும் எனக்குக் கேட்டது.

“தூரமா இருக்கறப்ப இத தொட்டியாடி?”

என் மனைவி அந்தக் காசுகளைப் பார்த்தாள். முகம் மாறிப்போனது.

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கற்பூரமா?” என்றார். “ஆமாங்க” என்றேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார். மலையேறாமல் சித்தூருக்குத் திரும்பிவிட்டோம்.

அதற்கப்புறம் வந்த சனிக்கிழமைகளில் என் மனைவி தண்ணீர்கூடக் குடிக்காமல் பட்டினி கிடந்தாள். கட்டுப் போட்ட கையோடு, இடது கையால் விளக்கேற்றினாள். நான் கற்பூரம் என்றேன், வெயில் என்றேன், துணி பழசு என்றேன். எதையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு நாளும் கடைக்குப் போய் அந்த டப்பாவைப் பார்த்துவிட்டு, இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வருவேன். சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டே சோறு தின்பேன். பயத்துக்கு எத்தனை காரணம் வேண்டுமானாலும் கிடைக்கும்.

ஐந்தாவது சனிக்கிழமை அவளே பேசினாள். விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள், ஒரு கையால், சரியாக வராமல்.

“மாமா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். போன வருசம் மழக்காலத்துல ஒரு சனிக்கெழம நான் தூரமா இருந்தேன். ரெண்டாம் நாளு. போடாம விட்டா கணக்கு அந்துபுடும்னு குளிச்சிட்டு தொட்டுட்டேன். யாருக்கும் சொல்லல. அந்த ஒரு காசதான் சாமி எடுத்து எறிஞ்சிட்டாரு. உனக்காக வேண்டிக்கினத நானே கெடுத்துட்டேன்.”

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள் அவள்.

அதற்குமேல் முடியவில்லை. கடைக்குப் போய் டப்பாவை எடுத்துவந்து அவள் முன்னால் கவிழ்த்தேன். நான்கு கருவி, கம்பிச் சுருள், செல்கள், அவளுடைய விளக்குப் பஞ்சு. எல்லாவற்றையும் சொன்னேன். மாம்பழ வாசனையிலிருந்து சாக்கடை வரைக்கும். காணாமல் போன காசு எங்கே போனது, எதோடு ஒட்டிக்கொண்டு போனது, எல்லாம். இன்னொரு செல்லை எடுத்து, உறை கிழிந்தால் காசு எங்கே தொட்டு ஷார்ட் ஆகும் என்று விரலால் காட்டினேன். எதற்குக் காட்டினேன் என்று தெரியவில்லை. வேலைக்காரன் புத்தி.

அவள் பஞ்சை மட்டும் எடுத்துப் பார்த்தாள்.

“அப்போ சாமி என்னிய தள்ளல.”

“இல்ல.”

“அத சொல்ல உனக்கு அஞ்சு வாரம் ஆச்சா?”

மாமியார் சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “எம் பொண்ண என் வாயாலயே அப்படி கேக்க வெச்சிட்டியே மாப்ள” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று நாள் எனக்கு அவர் சோறு போடவில்லை. மனைவிதான் போட்டாள், இடது கையால்.

கட்டு அவிழ்த்த பிறகு அவளும் மாமியாரும் மட்டும் மலைக்குப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நூற்றேழு காசையும் புதுத் துணியில் கட்டிக்கொண்டிருந்தவளிடம், கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு பத்து ரூபாய்க் காசை நீட்டினேன், நூற்றெட்டு ஆகட்டும் என்று. அவள் வாங்கவில்லை.

“இந்த நூத்தியேழும் என்னுது. நான் நெசமா போட்டன். கொறையிற ஒண்ணு உன்னுது. சிகரெட்டு, இந்த ஆவி ரெண்டும் விட்டுட்டு வா, அப்ப போய் நீயே போடு.”

படியேறி நடந்தே போய்விட்டு வந்தாள். லட்டில் ஒரு துண்டு எனக்கும் வைத்திருந்தாள். “தராம இருக்க மனசு வரல” என்றாள். உள்ளங்கையில் தோல் இன்னும் பளபளவென்று இளஞ்சிவப்பாக இருக்கிறது. சோறு பிசையும்போது அந்த இரண்டு விரல் சரியாக மடங்குவதில்லை.

நான்கில் மூன்றை உடைத்துவிட்டேன். ஒன்று இருக்கிறது. அது வீட்டிலேயே, அவள் பார்க்கிற இடத்தில், ஜன்னல் ஓரம். நிகோட்டினைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன், பாதியில் நின்றுகொண்டிருக்கிறேன். கம்பியைப் பார்த்தால் இன்னும் கை போகிறது. சனிக்கிழமை தோறும் விளக்கேற்றிவிட்டு அவள் கேட்கிறாள்:

“இந்த வாரம்?”

“இன்னும் இல்ல.”

சரி என்கிறாள். அந்தக் காசு சாமி படத்துக்குக் கீழே தனியாக இருக்கிறது. எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்கள் அதை. மலைக்கு நான் தர வேண்டிய பாக்கி இன்னும் பத்து ரூபாய்.